டாம் லான்டோஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் 27 ஆண்டுகள் உறுப்பினராக இருந்தவர் டாம் லான்டோஸ். ஹங்கேரியில் பிறந்த யூதர். கையில் காசில்லாமல் அமெரிக்காவில் கால்வைத்து, அந்தச் சபையின் வெளியுறவுக் குழுத் தலைவர் பதவிவரை போனவர். அவரை மனித உரிமைக் காவலர் என்று கொண்டாடுகிறவர்களும் உண்டு, போருக்குத் துணைபோனவர் என்று சாடுகிறவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் காட்டுகிற சான்றுகள் உண்மையானவை. ஒரே நம்பிக்கைதான் அவரை இரண்டு இடத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது என்பது என் எண்ணம். அது என்ன நம்பிக்கை என்பது கீழே வரும் பதில்களில் தெரியும்.

அவருடைய இளமைக்காலம் எப்படிப்பட்டது?

1928 பிப்ரவரி 1 அன்று புடாபெஸ்டில் பிறந்தார். படித்த, வசதியான யூதக் குடும்பம். ஹங்கேரி அப்போது ஹிட்லரின் கூட்டாளி நாடு. யூதர்களுக்கு எதிரான சட்டங்கள் இருந்தாலும் யூதர்கள் அனைவரையும் நாடுகடத்துவது நடக்கவில்லை. 1944 மார்ச்சில் ஜெர்மன் படை உள்ளே நுழைந்ததும் நிலைமை தலைகீழானது. மே மாத நடுவில் தொடங்கி ஜூலை தொடக்கத்துக்குள், எட்டு வாரத்துக்குள்ளாகவே, நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹங்கேரிய யூதர்கள் ரயிலேற்றப்பட்டார்கள். பெரும்பாலோர் போய்ச் சேர்ந்த இடம் நாஜிகளின் கொலைமுகாமான ஆஷ்விட்ஸ்.

லான்டோஸுக்கு அப்போது வயது 16. புடாபெஸ்டுக்கு வடக்கே சோப் என்ற ஊரிலிருந்த கட்டாய உழைப்பு முகாமுக்கு அனுப்பினார்கள். வியன்னா போகும் ரயில் பாதையின் பாலம் ஒன்றைப் பழுதுபார்ப்பது வேலை. தப்பி ஓடினார், பிடிபட்டார், கடுமையாக அடிபட்டார். மறுபடியும் ஓடினார். இந்தமுறை புடாபெஸ்ட் வந்து சேர்ந்துவிட்டார்.

அங்கே அவருக்கு அடைக்கலம் கொடுத்தது ஸ்வீடன் தூதரக அதிகாரி ரவூல் வாலன்பெர்க் ஏற்படுத்தியிருந்த பாதுகாப்பு வீடுகளில் ஒன்று. வாலன்பெர்க் வாடகைக்குக் கட்டடங்களைப் பிடித்து, வாசலில் ஸ்வீடன் கொடியைக் கட்டி, இது எங்கள் நாட்டு இடம் என்று சொல்லி உள்ளே யூதர்களைக் குடிவைத்தவர். லான்டோஸ் பொன்னிற முடியும் நீலக் கண்களும் கொண்ட பையன். ராணுவப் பயிற்சி மாணவர் சீருடையை மாட்டிக்கொண்டு, நகரத்தில் ஒளிந்திருந்த யூதர்களுக்குச் சாப்பாடும் மருந்தும் கொண்டுபோய்க் கொடுத்தார். பிடிபட்டிருந்தால் அந்த இடத்திலேயே சுட்டிருப்பார்கள்.

1945 ஜனவரியில் சோவியத் படை வந்தது. போர் ஓய்ந்த பிறகு தேடிப் பார்த்ததில் தாயும் உறவினர்களும் கொல்லப்பட்டது தெரிந்தது. சிறுவயதுத் தோழி ஆனெட் மட்டும் உயிரோடு இருந்தார். இருவரும் 1950இல் திருமணம் செய்துகொண்டார்கள்.

அமெரிக்காவுக்கு எப்படி வந்தார்?

படிப்பு உதவித்தொகை கிடைத்து 1947இல் கப்பலில் வந்தார். கையில் பணம் இல்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரே சொத்து சலாமி என்ற பதப்படுத்திய ஹங்கேரிய இறைச்சி. அதையும் துறைமுகத்தில் சுங்க அதிகாரிகள் பறித்துக்கொண்டார்கள் என்று அவரே பலமுறை மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்து இளங்கலை, முதுகலைப் பட்டங்கள் வாங்கினார். 1953இல் பெர்க்லியில் முனைவர் பட்டம். 1950 முதலே சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட்டில் பொருளாதாரம் கற்பிக்கத் தொடங்கிவிட்டார். அந்த வேலை முப்பது ஆண்டுகள் நீடித்தது. உள்ளூர்த் தொலைக்காட்சியில் உலக அரசியல் பற்றிப் பேசிவந்ததால் அந்த வட்டாரத்தில் முகம் தெரிந்தவரானார்.

பேராசிரியர் எப்படி அரசியல்வாதி ஆனார்?

முதலில் தன் ஊரான மில்பிரேயில் பள்ளி வாரியத்துக்குத் தலைவராக இருந்தார். 1970களின் கடைசியில் செனட்டராக இருந்த ஜோ பைடனுக்கு ஆலோசகராக வாஷிங்டனில் வேலை பார்த்தார்.

அவர் போட்டியிட்ட தொகுதிக்கு ஒரு துயரமான பின்னணி உண்டு. அங்கு உறுப்பினராக இருந்த லியோ ரயன், கயானாவில் ஜிம் ஜோன்ஸ் என்ற மதத்தலைவரின் குடியிருப்பில் அமெரிக்கர்கள் கொடுமைக்கு ஆளாவதாகக் கேள்விப்பட்டு நேரில் விசாரிக்கப் போனார். 1978 நவம்பரில் அங்கேயே விமான ஓடுதளத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1979 இடைத்தேர்தலில் குடியரசுக் கட்சியின் பில் ராயர் வென்றார். 1980 பொதுத்தேர்தலில் ஜனநாயகக் கட்சி சார்பில் லான்டோஸ் ராயரை எதிர்த்து நின்றார். அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் ரீகன் அலை வீசிய ஆண்டு அது. ஜனநாயகக் கட்சிக்காரர்கள் பலர் மண்ணைக் கவ்வினார்கள். லான்டோஸ் குறைந்த வித்தியாசத்தில் வென்றார். அதன்பிறகு கடைசிவரை தோற்கவே இல்லை.

வெளிநாட்டில் பிறந்தவர் அமெரிக்காவில் எம்.பி. ஆக முடியுமா?

முடியும். பிரதிநிதிகள் சபைக்கு ஏழு ஆண்டு, செனட்டுக்கு ஒன்பது ஆண்டு குடிமகனாக இருந்திருந்தால் போதும். பிறப்பால் குடிமகனாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதிபர், துணை அதிபர் பதவிகளுக்குத்தான். யூத இன அழிப்பில் உயிர்தப்பியவர்களில் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வானவர் லான்டோஸ் ஒருவர்தான்.

அவர் கொண்டுவந்த முதல் மசோதா எது?

வாலன்பெர்க்குக்கு அமெரிக்காவின் கௌரவக் குடியுரிமை கொடுக்கும் மசோதா. நன்றிக்கடன் என்று மட்டும் இதைப் பார்க்கக் கூடாது. வாலன்பெர்க்கை 1945 ஜனவரியில் சோவியத் படை பிடித்துக்கொண்டு போனது. அவர் திரும்பவே இல்லை. அமெரிக்கக் குடிமகன் என்று ஆகிவிட்டால், எங்கள் ஆள் எங்கே என்று மாஸ்கோவிடம் கேட்க வாஷிங்டனுக்கு ஓர் உரிமை கிடைக்கும். 1981 அக்டோபரில் ரீகன் கையெழுத்திட்டார். அதற்கு முன் அந்தக் கௌரவத்தைப் பெற்றவர் வின்ஸ்டன் சர்ச்சில் ஒருவரே. லான்டோஸ் எம்.பி. ஆவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இதற்காக ஓயாமல் உழைத்தவர் ஆனெட். கணவரின் அலுவலகத்திலும் சம்பளம் வாங்காமல் கடைசிவரை வேலை பார்த்தவர்.

காப்பாற்றக்கூடிய இடத்தில் இருப்பவன் சும்மா இருக்கக் கூடாது. இதுதான் லான்டோஸின் வெளியுறவுக் கொள்கைக்கு அடிப்படை. புத்தகம் படித்து வந்ததல்ல அது. தன்னையே ஒருவர் காப்பாற்றியதால் வந்தது.

மனித உரிமைக் குழு என்று எதைச் சொல்கிறார்கள்?

1983இல் குடியரசுக் கட்சியின் ஜான் போர்ட்டருடன் சேர்ந்து அவர் தொடங்கிய உறுப்பினர் குழு அது. சட்டம் இயற்றும் அதிகாரம் அதற்குக் கிடையாது. விருப்பமுள்ள எம்.பி.க்கள் ஒன்றுகூடி, உலகின் எந்த மூலையில் அடக்குமுறை நடந்தாலும் பாதிக்கப்பட்டவர்களை அழைத்துப் பேசவைப்பார்கள். வாஷிங்டனில் நான்கு பேர் கேட்கும் இடத்தில் பேசக் கிடைக்கும் வாய்ப்பே பலருக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

1987 செப்டம்பரில் தலாய் லாமா இந்தக் குழுவின் முன்தான் திபெத்துக்கான ஐந்து அம்ச அமைதித் திட்டத்தை வெளியிட்டார். சீனா கொதித்தது. ரீகன் அரசும் எங்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று ஒதுங்கிக்கொண்டது. லான்டோஸ் பின்வாங்கவில்லை.

குவைத் சிறுமியின் சாட்சியம் பற்றிச் சொல்கிறார்களே, அது என்ன?

அவருடைய வாழ்க்கையில் இருண்ட பக்கம் அதுதான். அவரை மதிக்கிறவர்கள் அதைத் தாண்டிப் போய்விடக் கூடாது.

1990 ஆகஸ்டில் சதாம் உசேன் குவைத்தைப் பிடித்தார். அக்டோபர் 10 அன்று மனித உரிமைக் குழுவின் முன் 15 வயதுப் பெண் ஒருத்தி பேசினாள். பெயர் நயிரா என்று மட்டும் சொன்னார்கள். குவைத்தில் இருக்கும் குடும்பத்தின் பாதுகாப்புக்காக முழுப்பெயர் மறைக்கப்படுவதாகக் காரணம் சொல்லப்பட்டது. ஒரு மருத்துவமனையில் ஈராக்கியச் சிப்பாய்கள் இன்குபேட்டரிலிருந்து குழந்தைகளை எடுத்துக் குளிர்ந்த தரையில் சாகவிட்டதைக் கண்ணால் பார்த்ததாக அழுதுகொண்டே சொன்னாள். உலகமே அதிர்ந்தது. அதிபர் மூத்த புஷ் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். செனட்டர்கள் விவாதத்தில் மேற்கோள் காட்டினார்கள். 1991 ஜனவரியில் போருக்கான தீர்மானம் செனட்டில் 52க்கு 47 என்ற கணக்கில்தான் நிறைவேறியது.

1992இல் உண்மை வெளியே வந்தது. அந்தப் பெண் அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள். அந்த நிகழ்ச்சிக்குப் பின்னால் ஹில் அண்ட் நோல்டன் என்ற மக்கள்தொடர்பு நிறுவனம் இருந்தது. அதற்குப் பணம் கொடுத்தது குவைத் தரப்பு. மனித உரிமை அமைப்புகள் தேடிப் பார்த்தபோது இன்குபேட்டர் கதைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அவள் யார் என்பது லான்டோஸுக்கு அன்றே தெரியும். அவர் தொடர்புடைய மனித உரிமை அறக்கட்டளை அந்த நிறுவனத்தின் கட்டடத்தில்தான் இடம் பெற்றிருந்தது. குவைத் ஆதரவு அமைப்பிடமிருந்து 50,000 டாலர் நன்கொடையும் வந்திருந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இது நாடாளுமன்றத்தின் முறையான குழு அல்ல என்பதால் சாட்சிகள் சத்தியப்பிரமாணம் எடுக்க வேண்டியதில்லை. பொய் சொன்னாலும் பொய்ச்சாட்சி வழக்கு வராது. எளியவர்களுக்குக் கதவைத் திறந்துவைத்த அதே தளர்வு, பணம் உள்ளவர்கள் புகுந்து விளையாடவும் இடம் கொடுத்துவிட்டது.

அவளைச் சந்தேகிக்கக் காரணம் எதுவும் இருக்கவில்லை என்று லான்டோஸ் வாதாடினார். என்னால் அதை ஏற்க முடியவில்லை. சாட்சி யாருடைய மகள் என்று தெரிந்த பிறகு, அதைச் சபைக்குச் சொல்லியிருக்க வேண்டும். சதாம் செய்த கொடுமைகள் ஏராளம். அவற்றை எடுத்துச் சொல்ல ஆதாரமில்லாத ஒரு கதை தேவைப்பட்டிருக்கவே இல்லை.

2003 ஈராக் போருக்கும் ஆதரவளித்தாரா?

ஆம், முன்னணியில் நின்று. வெளியுறவுக் குழுவில் 2002இல் அவர் ஜனநாயகக் கட்சியின் மூத்த உறுப்பினர். போருக்கு அதிகாரம் அளிக்கும் தீர்மானம் அந்த அக்டோபரில் 296க்கு 133 என்று நிறைவேறியபோது, அவருடைய கட்சியில் 126 பேர் எதிர்த்தார்கள், 81 பேர் ஆதரித்தார்கள். லான்டோஸ் அந்த 81 பேரில் ஒருவர். ஹிட்லரை ஐரோப்பா ஆரம்பத்திலேயே தடுக்காமல் விட்டது பற்றிய பாடம் அவர் மனத்தில் ஆழமாக இருந்தது. ஆனால் எல்லாச் சர்வாதிகாரியும் ஹிட்லர் அல்ல, எல்லா ஆண்டும் ஹிட்லருக்கு ஐரோப்பா விட்டுக்கொடுத்த 1938 அல்ல. அந்த இடத்தில் அனுபவமே அவர் கண்ணை மறைத்துவிட்டது.

போர் நடத்தப்பட்ட விதத்தைப் பார்த்துப் பின்னாளில் மாறினார். 2007இல் கூடுதல் படை அனுப்புவதை எதிர்த்தார். அந்த செப்டம்பரில் ஈராக்கிலிருந்த அமெரிக்கப் படையின் தளபதி பெட்ரேயஸ் சபையில் நம்பிக்கையூட்டும் அறிக்கை வாசிக்க வந்தபோது, மரியாதையோடு சொல்கிறேன், இதை நான் நம்பவில்லை என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்.

சர்வாதிகாரிகளை எதிர்த்தவர் லிபியாவின் கடாஃபியைப் போய்ப் பார்த்தாரே, முரண்பாடு இல்லையா?

அவர் அப்படி நினைக்கவில்லை. எதிரியோடு பேசுவது அவனை ஏற்றுக்கொள்வதாகாது என்பது அவர் வாதம். அணு ஆயுதத் திட்டத்தைக் கைவிடுவதாக லிபியா 2003 டிசம்பரில் அறிவித்தது. அடுத்த மாதமே லான்டோஸ் திரிபோலியில் கடாஃபியின் முன் உட்கார்ந்திருந்தார். அப்புறம் தடைகளை நீக்கவும் வாதாடினார். 2005இல் வடகொரியா போனார். 2007இல் சபாநாயகர் நான்சி பெலோசியோடு சிரியாவின் டமாஸ்கஸ் போனபோது இளைய புஷ்ஷின் அரசு கண்டித்தது. ஈரான் மீது கடுமையான தடைகள் வேண்டும் என்று சட்டம் எழுதிக்கொண்டே, ஈரான் போக விசாவும் கேட்டுக்கொண்டிருந்தார்; ஈரான் தரவில்லை.

இஸ்ரேல் விஷயத்தில் அவர் நிலைப்பாடு?

அசைக்க முடியாத ஆதரவாளர். 2001இல் டர்பனில் நடந்த ஐ.நா. இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் அமெரிக்கக் குழுவில் இருந்தார்; அங்கு இஸ்ரேல் மட்டும் குறிவைக்கப்படுவதாகக் கூறி அமெரிக்கக் குழு வெளியேறியது. 2006 லெபனான் போருக்குப் பின், சிரியா எல்லையில் சர்வதேசப் படையை நிறுத்த லெபனான் சம்மதிக்கும்வரை அந்நாட்டுக்கான உதவிப் பணத்தை நிறுத்திவைக்கப் போவதாக அறிவித்தார். வீடிழந்து நின்ற மக்களுக்கான உதவியும் அதில் அடக்கம் என்பதால் விமர்சனம் எழுந்தது. அந்த விமர்சனம் நியாயமானது. திபெத்தியருக்கும் சூடானின் டார்ஃபூர் மக்களுக்கும் அவர் காட்டிய அக்கறை பாலஸ்தீனர்களுக்கு அதே அளவில் கிடைக்கவில்லை.

ஆனால் அவருக்கு இஸ்லாமியர் மீது வெறுப்பு இருந்தது என்று சொன்னால் அது தவறு. 1990களில் பொஸ்னியாவிலும் கொசோவோவிலும் முஸ்லிம்களைக் காக்க அமெரிக்கா தலையிட வேண்டும் என்று உரக்கக் கேட்டவர்களில் அவரும் ஒருவர். கொசோவோவின் விடுதலைக்காகக் கடைசிவரை பேசினார். அவர் இறந்த ஆறாம் நாள் அது சுதந்திரத்தை அறிவித்தது.

யாஹூ நிறுவனத்தோடு என்ன மோதல்?

சீனப் பத்திரிகையாளர் ஷி தாவோ, 1989 தியானன்மென் படுகொலையின் நினைவுநாள் பற்றி அரசு போட்ட கட்டுப்பாட்டை மின்னஞ்சலில் வெளிநாட்டுக்குத் தெரிவித்தார். அவர் யார் என்று கண்டுபிடிக்க உதவும் கணக்கு விவரங்களைச் சீனப் போலீசுக்கு யாஹூ கொடுத்தது. 2005இல் அவருக்குப் பத்தாண்டு சிறை.

2007 நவம்பர் 6 அன்று வெளியுறவுக் குழு யாஹூவின் தலைவர் ஜெர்ரி யாங்கையும் நிறுவனத்தின் தலைமை வழக்கறிஞரையும் விசாரித்தது. அவர்கள் இருக்கைக்குப் பின் வரிசையில் ஷி தாவோவின் தாய் அமர்ந்திருந்தார். தொழில்நுட்பத்திலும் பணத்திலும் நீங்கள் பூதாகரமானவர்கள், அறத்தில் குள்ளர்கள் என்று லான்டோஸ் சொன்னார். பின்னால் திரும்பி அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேளுங்கள் என்றார். யாங் எழுந்து, திரும்பி, அவர் முன் தலைகுனிந்து வணங்கினார். அந்த அம்மா அழுதார். ஒரு வாரத்தில் யாஹூ, கைதானவர்கள் தரப்பில் தொடுத்திருந்த வழக்கைச் சமரசமாக முடித்துக்கொண்டது.

சீனா விஷயத்தில் அவர் தொடக்கத்திலிருந்தே இப்படித்தான். தைவான் அதிபர் லீ டெங் ஹுய் அமெரிக்கா வர அனுமதிக்கக் கோரி 1995இல் அவர் கொண்டுவந்த தீர்மானம் சபையில் ஓர் எதிர்ப்பு வாக்குகூட இல்லாமல் 396க்கு 0 என்று நிறைவேறியது.

ஆர்மீனிய இன அழிப்புத் தீர்மானத்தில் ஏன் தடுமாறினார்?

எனக்கு இன்றும் உறுத்துகிற விஷயம். 1915இல் ஒட்டோமான் ஆட்சியில் ஆர்மீனியர் கொல்லப்பட்டதை இன அழிப்பு என்று அங்கீகரிக்கும் தீர்மானத்தை 2000இல் எதிர்த்தார். துருக்கி முக்கியமான நட்பு நாடு என்பது காரணம். 2005இல் ஆதரித்து வாக்களித்தார். ஈராக் போரில் அமெரிக்கப் படைக்குத் துருக்கி வழிவிடாதது தன் மனமாற்றத்துக்குக் காரணம் என்று வெளிப்படையாகவே சொன்னார். 2007இல் தலைவராக இருந்து மீண்டும் ஆதரித்தார். குழுவில் 27க்கு 21 என்று நிறைவேறியது. கடைசியில் சரியான பக்கம் வந்தார். ஆனால் செத்தவர்களுக்கான நீதி துருக்கி அன்று என்ன செய்தது என்பதைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது. இதை அவரைவிட நன்றாக உணர்ந்திருக்கக்கூடியவர் அந்தச் சபையில் யாருமில்லை.

இந்தியாவோடு அவருக்கு என்ன தொடர்பு?

அணுசக்தி ஒப்பந்தம். 2005 ஜூலையில் புஷ்ஷும் மன்மோகன் சிங்கும் அறிவித்த திட்டம் நடைமுறைக்கு வர அமெரிக்கச் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. செப்டம்பரில் நடந்த விசாரணையில், வெளியுறவு அமைச்சர் நட்வர் சிங் டெஹ்ரான் போய் நட்பு பாராட்டியதை லான்டோஸ் மிகக் கடுமையான வார்த்தைகளில் தாக்கினார். அமெரிக்காவிடம் சலுகை வேண்டுமென்றால் ஈரான் விஷயத்தில் அமெரிக்காவின் கவலையையும் மதிக்க வேண்டும் என்பது சாரம். இந்திய நாளேடுகளில் அது பெரிய செய்தியானது. அதே மாதம் சர்வதேச அணுசக்தி முகமையில் ஈரானுக்கு எதிராக இந்தியா வாக்களித்தது. மிரட்டலுக்குப் பணிந்துவிட்டோம் என்று இடதுசாரிகள் சொன்னதற்கு லான்டோஸின் பேச்சும் ஒரு காரணம்.

அப்புறம் அவரே இந்த ஒப்பந்தத்துக்குத் தோள்கொடுத்தார். ஒரேயடியாக ஒப்புதல் தரத் தயங்கிய உறுப்பினர்களுக்காக, முதலில் சட்டத்தைத் திருத்துவோம், ஒப்பந்தம் எழுதி முடிந்ததும் மறுபடி வாக்களிப்போம் என்று இரண்டு கட்ட வழியை முன்வைத்தார். 2006 ஜூலையில் சபையில் 359க்கு 68 என்று மசோதா நிறைவேறியது. குழுத் தலைவர் ஹென்றி ஹைடின் பெயரால் நாம் அதை ஹைட் சட்டம் என்கிறோம். 2008 அக்டோபரில் இறுதி ஒப்புதல் கிடைத்தபோது ஹைடும் இல்லை, லான்டோஸும் இல்லை.

அவர் எப்போது இறந்தார்?

2008 ஜனவரி 2 அன்று, உணவுக்குழாயில் புற்றுநோய் இருப்பதாகவும் மறுபடி போட்டியிடப் போவதில்லை என்றும் அறிவித்தார். பிப்ரவரி 11 அன்று இறந்தார், வயது 80. வெளியுறவுக் குழுவின் தலைவராக ஓராண்டுக்குச் சற்று மேல்தான் இருந்திருந்தார். அந்த ஆண்டு ஜூனில் அவருக்கு அதிபரின் சுதந்திரப் பதக்கம் வழங்கப்பட்டது.

2006 ஏப்ரலில், 78 வயதில், டார்ஃபூர் படுகொலைகளைக் கண்டித்து சூடான் தூதரக வாசலில் மறியல் செய்து கைதானதையும் இங்கே சொல்ல வேண்டும். இன்னும் நான்கு எம்.பி.க்கள் கூடக் கைதானார்கள்.

அவர் பெயரில் இன்று என்ன இருக்கிறது?

அவர் தொடங்கிய மனித உரிமைக் குழு 2008இல் டாம் லான்டோஸ் மனித உரிமை ஆணையமாக மாற்றப்பட்டது. இரு கட்சி உறுப்பினர்களும் சேர்ந்து நடத்துகிறார்கள். மியான்மர் ராணுவ ஆட்சிக்குப் பணம் தந்துகொண்டிருந்த மாணிக்கக் கல், ஜேட் இறக்குமதியைத் தடுத்த 2008 சட்டத்துக்கு அவர் பெயர். எய்ட்ஸ், காசநோய், மலேரியா ஒழிப்புக்காக ஐந்தாண்டுகளுக்கு 4,800 கோடி டாலர் ஒதுக்க வழிசெய்த சட்டத்தில் அவர் பெயரும் ஹைடின் பெயரும் சேர்ந்தே இருக்கின்றன. கருக்கலைப்பு உட்படப் பல விஷயங்களில் இருவரும் எதிரெதிர் துருவம். ஆப்பிரிக்காவில் மருந்தில்லாமல் செத்துக்கொண்டிருந்தவர்கள் விஷயத்தில் மட்டும் ஒரே பக்கம் நின்றார்கள்.

தொகுதிக்கு 2008 ஏப்ரலில் நடந்த இடைத்தேர்தலில் ஜாக்கி ஸ்பியர் வென்றார். லியோ ரயனோடு கயானா போய், அதே ஓடுதளத்தில் குண்டடிபட்டு உயிர்பிழைத்த அவருடைய உதவியாளர்தான் ஸ்பியர்.